கறுப்பு கிளிப்

தாவூதுக்கு வாதம் அடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கை அடியோடு போயிற்று. வலது கால் பாதி போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "ஆச்சு." முப்பது வருஷமாகக் கடை வாசலில் காத்துக் கிடந்த வண்டிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன சொல் அது. சோறு வைக்கட்டுமா என்றாலும் ஆச்சு, பாத்ரூம் போகணுமா என்றாலும் ஆச்சு. டாக்டர் அவர் பெயரைக் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். குரலை வைத்தே தனக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று அவர் மனைவி மெஹ்ஜபீன் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பாதி நேரம் ஒரு மண்ணும் விளங்காது.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு உறுதி. மனுஷனுக்கு மூளை போகவில்லை. மிக்ஸி நின்றுபோனால் இடது கையை நீட்டிக் கேட்பார். ஃபேன் ரெகுலேட்டர் கொரகொரவென்று சத்தம் போட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அதைத் தட்டிப் பார்ப்பார். மூளை போனவன் எதற்கு ரெகுலேட்டரைத் தட்டப்போகிறான்? இதை யாரிடம் சொன்னாலும் "ஆமாங்க, பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள். பாவமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தர்மபுரியில் அவர்களுடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் தாவூதின் ஒயர் நாற்காலி ஒன்று இருக்கிறது. காலையில் கூட்டிப்போய் அதில் உட்கார வைக்க வேண்டும், மத்தியானம் கூட்டிவந்துவிட வேண்டும். அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பதற்கு, வண்டிகளைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டுமே.

கடையை இப்போது அவர் தம்பி தௌபிக் பார்த்துக்கொள்கிறான். நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. அண்ணனுக்கு மருந்து மாத்திரை தவறாமல் வாங்கி வருவான். வெள்ளிக்கிழமை தூக்காத குறையாகப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவான். அண்ணியை வாய் நிறைய "பாபி" என்றுதான் கூப்பிடுவான். கடை என்று வாயெடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். நாலாவது மாதத்தில் ஒருநாள் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். தாவூது ஒரு லாரிக்கடியில் இடது கையை விட்டு எதையோ பிடுங்கியதில் பொறி பறந்து, டிரைவர் அலறிக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டான்.

"வேணாம் பாபி. கஸ்டமருங்க பயப்படறாங்க. என்ன பண்றோம்னு அவருக்கே தெரியல."

"சும்மா உக்காந்திருக்கட்டும்டா. எதையும் தொட வேணாம்."

"சும்மா உக்கார்ற ஆளா அவரு?"

இந்தப் பேச்சு அப்படியே நின்றுகிடந்த சமயத்தில்தான் அனிஷா வீடு தேடி வந்தாள்.

அதியமான்கோட்டை சவரியின் மகள். சவரி பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்தவர் நிலம் வாங்குவார், கல்யாண மண்டபம் கட்டுவார் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்க, மனுஷன் பெங்களூருக்குப் போய் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். ரெண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை. தரையோடு தரையாகப் போகும். செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். "ரெண்டு பேரு உக்கார்றதுக்கு டிவிஎஸ் போதாதா?" என்று ஊரே சிரித்தது. சவரி கவலையே படவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கூரையை மடக்கிவிட்டு, தொப்பூர் வரைக்கும் போய்த் திரும்புவார். அந்தச் சவரி போன மார்ச் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி அதற்கும் முன்பிருந்தே நின்றுகிடந்தது.

"செல்ஃப் நல்லா அடிக்குதுங்க. ஸ்டார்ட் மட்டும் ஆகல," என்றாள் அனிஷா. "ஓசூர்ல இருந்து ஒருத்தர் வந்து பெட்ரோலை மாத்தி, பேட்டரி மாத்தி, பம்பையும் புதுசா போட்டுப் பாத்தாரு. ஆகல. பெங்களூர்க்காரரு கம்ப்யூட்டர் போயிருக்கும், இந்த வண்டிக்கு இனி கிடைக்காதுன்னுட்டாரு. ஆனா அப்பா ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை சொன்னாருங்க. வண்டிய தாவூது பாய் பூட்டி வெச்சிருக்காரு, அவரக் கூப்பிடுன்னு. எங்கன்னு நான் கேக்கல. அப்ப யாருக்குங்க கார் ஞாபகம்?"

பூட்டு என்றால் சாவிப் பூட்டு இல்லை. வண்டி திருட்டுப் போகாமல் இருக்க, ஏதாவது ஒரு ஒயரை வெட்டி நடுவில் ஒரு சுவிட்சை ஒளித்து வைப்பார்கள். அதைப் போட்டால்தான் வண்டி ஓடும். எல்லா எலக்ட்ரீஷியனும் செய்கிற வேலைதான். ஆனால் தாவூது ஒளித்தால் ஒளித்ததுதான். கிருஷ்ணகிரியிலிருந்தெல்லாம் இதற்காகவே வருவார்கள். எங்கே இருக்கிறது என்று வண்டிக்காரரின் காதில் மட்டும் சொல்வார். நோட்டில் எழுத மாட்டார், கூடப் பிறந்த தம்பிக்கும் சொல்ல மாட்டார். இப்போது சவரி காதும் இல்லை, தாவூது வாயும் இல்லை. என்ன கண்றாவி இது!

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓசூரிலிருந்து அருண்குமார் என்று ஒருவர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கிறவர். அனிஷா வீட்டையும் அன்றைக்கே பூட்டிக்கொண்டு வெளியூர் வேலைக்குத் திரும்ப வேண்டும். "அதுக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா அவர வேண்டாம்னு சொல்லிட்டு நானே ஓட்டிட்டுப் போயிருவேன்," என்றாள் அனிஷா.

மெஹ்ஜபீன் மைத்துனனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "உங்கண்ணனும் வருவாரு. சுவிட்ச அவரு காட்டிட்டா, திங்கக்கிழமையில இருந்து அந்த நாற்காலி அவருக்கு."

தௌபிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "காட்டலேன்னா? அப்புறம் கடைப் பேச்சே எடுக்கக் கூடாது பாபி."

"எடுக்க மாட்டேன்," என்றாள் அவள். தாவூது கூடத்தில் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் போகும்போது அவள் தன் மண்டையைக் கசக்கிக்கொண்டே போனாள். அந்தச் சிவப்பு வண்டிக்கு வேலை செய்த அன்று மனுஷன் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தது ஞாபகம் இருந்தது. "வண்டி பூரா பிளாஸ்டிக்குடி. பாடியில இரும்பே இல்ல. அதை வெச்சே ஒரு வேலை பண்ணியிருக்கேன், எந்தக் கொம்பனாலயும்…" என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது. "முதல்ல கையக் கழுவிட்டு வாங்க," என்றாள். கழுவிக்கொண்டு வந்தவர் மீனைத்தான் சாப்பிட்டார், மீதியைச் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால் என்ன, மீன் கருகினால் கருகட்டும் என்று விட்டிருந்தால் என்ன! பக்கத்தில் தாவூது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காலையில் சவரம் வேண்டும் என்று தாடையைத் தடவிக் காட்டி அவரே கேட்டிருந்தார்.

வண்டி சவரி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தகரக் கொட்டகையில் நின்றது. அனிஷா துடைத்து வைத்திருந்தாள். தாவூது அதைப் பார்த்ததும் "ஆச்சு!" என்றார். இந்த ஆச்சு மெஹ்ஜபீனுக்கு நன்றாகவே விளங்கியது. மனுஷனுக்கு அடையாளம் தெரிகிறது. அவள் திரும்பி மைத்துனனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பானெட்டைத் தூக்கியிருந்தான்.

தௌபிக் வேலையில் சோடை இல்லை. சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்துப் பார்த்தான். இஞ்சின் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டான். பெட்ரோல் பம்ப் ஓடுகிற ரீங்காரம் இல்லை. டெஸ்ட் லைட்டை எடுத்தான். ஒரு முனையில் கூர்மையான ஊசி, உள்ளே சின்ன பல்பு, மறுமுனையில் நீள ஒயரோடு ஒரு கறுப்பு கிளிப். கிளிப்பைப் பழக்கதோஷத்தில் வண்டியின் உடம்பிலேயே மாட்டிவிட்டு ஊசியால் அங்கங்கே தொட்டான். எங்கேயும் பல்பு எரியவில்லை.

"சே, இது ஃபைபர் பாடிங்கறதே மறந்துபோச்சு!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சிரித்தான். கிளிப்பைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினான். இப்போது தொட்ட இடமெல்லாம் எரிந்தது. ஃபியூஸில் கரன்ட் இருந்தது, ரிலேயில் இருந்தது, பம்புக்குப் போகிற சிவப்பு ஒயரிலும் இருந்தது.

"பம்பு வரைக்கும் கரன்ட் வருதுங்க," என்றான் அனிஷாவிடம். "அப்ப நடுவுல எந்த சுவிட்சும் இல்ல. இருந்தா இங்க லைட்டே எரியாது. உங்கப்பா வேற எந்த வண்டியவோ நினைச்சு சொல்லியிருப்பாருங்க."

தாவூது முன்னால் வந்தார். டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்காரப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத சீட்டு, பாதிக் காலை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது? கால் இழுத்துக்கொண்டு சரிந்தார். மூன்று பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

"விழுந்துட்டா யாருங்க பதில் சொல்றது?" என்று அனிஷா பயந்து போனாள்.

"பாய்ஜான், அந்தப் பக்கம் வாங்க. உக்காருங்க," என்று தௌபிக் அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைக்கப் பார்த்தான். அவர் உட்காரவில்லை. நொண்டிக்கொண்டு போய், பேட்டரியில் மாட்டியிருந்த கறுப்பு கிளிப்பை இடது கையால் பிடுங்கினார். அதைக் கொண்டுபோய்ப் பம்பின் கறுப்பு ஒயரில் மாட்டினார். ஊசியை எடுத்துச் சிவப்பு ஒயரில் வைத்தார். பல்பு எரியவில்லை. எரியாத பல்பைத் தம்பிக்கு நீட்டிக் காட்டி, "ஆச்சு," என்றார்.

தௌபிக் அனிஷாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கிளிப்பைக் கழற்றிப் பேட்டரியிலேயே மறுபடி மாட்டினான்.

தாவூது மறுபடி பிடுங்கினார். அதே கறுப்பு ஒயர், அதே சிவப்பு ஒயர். பல்பு எரியவில்லை. "ஆச்சு! ஆச்சு!" இந்தத் தடவை எச்சில் வழிந்தது. அனிஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா பாபி?" என்றான் தௌபிக் மெதுவாக. கேலியாகச் சொல்லியிருந்தாலாவது அவளால் திருப்பிக் கொடுத்திருக்க முடியும். அவன் குரலில் அழுகை இருந்தது. "எரியற இடத்துல இருந்து கிளிப்பைப் பிடுங்கி எரியாத இடத்துல மாட்டறாரு. லாரியிலயும் இப்படித்தான் பண்ணாரு."

ரோட்டில் ஹாரன் அடித்தது. காரை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டி அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. தாவூதின் கழுத்து நரம்பு புடைத்தது. தௌபிக் பேட்டரிக்கு மாற்றியிருந்த கிளிப்பை மூன்றாவது தடவையாகப் பிடுங்கி, அதே கறுப்பு ஒயரில் மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றினார். அதைப் பிடித்த கையாலேயே தரையை அடித்தார், டிரைவர் சீட்டைக் காட்டினார், தொங்குகிற தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார், மறுபடி தரையை அடித்தார். பேட்டரி பக்கம் ஒயர் இழுபட்டு ஊசி எங்கோ உரசி ஒரு பொறி தெறித்தது. அனிஷா "ஐயோ!" என்று பின்வாங்கினாள்.

மெஹ்ஜபீனுக்கு ஒரு கணம் தோன்றியது: மூன்று தடவையும் ஒரே இடத்தில் மாட்டுகிறாரே, புத்தி போனவன் ஒரே இடத்தையா தேடிப் போவான்? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அதற்குள் ரெக்கவரி டிரைவர் கொட்டகை வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தான். வெள்ளைச் சட்டையில் எச்சில் ஒழுகத் தரையை அடித்துக்கொண்டிருக்கிற தன் புருஷனை ஒரு வெளியாள் பார்க்கிறான். அவளுக்கு மானம் போயிற்று. விடுவிடுவென்று போய், அவர் விரல்களைப் பிரித்து, கிளிப்பை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சும்மா இருக்க மாட்டீங்களா! போதும்!"

தாவூது அவளைப் பார்த்தார். தம்பி நம்பாதபோதுகூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. பிறகு தானாகவே போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சிவப்பு வண்டியைச் சங்கிலி போட்டு மேலே இழுக்கும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அனிஷா கேட்டுக்கு வெளியே நின்று, வண்டி மெயின் ரோட்டில் ஏறிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். தௌபிக் டெஸ்ட் லைட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். நாற்காலியைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஆச்சு என்ற சொல்லும் இல்லாமல் போயிற்று.

சோறு வைத்தால் சாப்பிட்டார். வைக்காவிட்டால் கேட்கவில்லை. ரெகுலேட்டர் ராத்திரி பகலாகக் கொரகொரத்தது. அவர் அண்ணாந்து பார்த்ததோடு சரி. செவ்வாய்க்கிழமை மெஹ்ஜபீன் வேண்டுமென்றே மிக்ஸியின் ஒயரைத் தளர்த்திவிட்டு, "ஏங்க, இது நின்னுபோச்சு பாருங்க," என்று அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். இடது கை தொடைமேல் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டால்தான் என்ன?

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தௌபிக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாபி, அனிஷா போன் பண்ணுச்சு." மூச்சு வாங்கியது. "வண்டி வாங்கின அந்த ஓசூர்க்காரரு அதப் பிரிக்கறப்ப டிரைவர் சீட்டக் கழட்டியிருக்காரு. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல, கார்ப்பெட்டுக்கு அடியில ஒரு சுவிட்சு. வலது கையத் தொங்கப் போட்டா நேரா அது மேல விழுமாம். போட்டுட்டு சாவியத் திருப்பினாராம். ஒரே அடி. பிடிச்சிருச்சு."

அவள் திரும்பிக் கூடத்திலிருந்த தாவூதைப் பார்த்தாள்.

"சுவிட்சு எதுல இருந்துச்சு தெரியுமா? கறுப்பு ஒயர்ல. நான் முட்டாள் மாதிரி கரன்ட் போற ஒயரையே பாத்துட்டு இருந்தேன். போன கரன்ட் திரும்பி வந்தாத்தான பம்பு ஓடும்! மத்த வண்டியில திரும்பி வர்ற வழி இரும்பு பாடிதான், அதை வெட்ட முடியாது. அதனால எவனும் அங்க பாக்க மாட்டான். இதுல பிளாஸ்டிக்கு. வழியே அந்த ஒத்தக் கறுப்பு ஒயருதான். அங்க வெட்டி வெச்சிருக்காரு." தௌபிக் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "கிளிப்ப அதுல மாட்டினா லைட்டு எரியாது. அதைத்தான் பாபி மூணு தடவை காட்டினாரு. எரியல பாரு, எரியல பாருன்னு. நான் பைத்தியம்னு நினைச்சேன்."

வண்டி பூரா பிளாஸ்டிக்குடி என்று சிரித்துக்கொண்டே வந்த முகம் மெஹ்ஜபீனின் கண்ணுக்குள் நின்றது. அவருக்குத்தான் புத்தி இல்லை என்று எத்தனை பேர் கூடி முடிவு பண்ணினோம், யா அல்லா!

"வண்டிய அனிஷா திருப்பி வாங்கிக்குமா?" என்று கேட்டாள்.

"கூரையும் கண்ணாடியும் அதுக்கு முன்னாடியே போயிருச்சாம். இனி எங்க?"

தௌபிக் எழுந்து அண்ணன் முன்னால் போய் மண்டியிட்டான். "பாய்ஜான், வாங்க, கடைக்குப் போலாம். நாற்காலிய தொடச்சு வாசல்லயே போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்க எந்த ஒயர வேணா புடுங்குங்க. எவன் ஓடினா ஓடட்டும்." பையிலிருந்து டெஸ்ட் லைட்டை எடுத்து ஒயரைப் பிரித்து அண்ணன் மடியில் வைத்தான். "நீங்க சொன்னதுதான் பாய்ஜான். கறுப்பு ஒயருதான்."

தாவூது மடியைக் குனிந்து பார்த்தார். இடது கை மெள்ளத் தொடையிலிருந்து எழுந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு அந்தக் கை ஒரு பொருளைத் தேடிப் போகிறது. அவர் கிளிப்பை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தி ஒருமுறை அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

பிறகு அவளைப் பார்த்தார். தம்பியை அல்ல, அவளை. பார்த்தபடியே கிளிப்பை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்க? நீங்க வெச்சுக்குங்க," என்றாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். "நான் அன்னிக்கு தெரியாம பண்ணிட்டேங்க. அந்த ஆளு பாக்கறான்னு பண்ணிட்டேன். வெச்சுக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் கையை இறக்கவில்லை. அன்றைக்கு அவள் பிரித்த விரல்களை இன்றைக்கு அவள் எடுத்துக்கொள்வதற்குத் தோதாகத் தானாகவே பிரித்து வைத்திருந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. தௌபிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே ரெகுலேட்டர் கொரகொரத்துக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம்தான் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டே இருப்பார், வலிக்குமே என்று கடைசியில் அவளே அதை வாங்கிக்கொண்டாள்.